எல்லாரும் 20% வரியைத்தான் கேட்கிறார்கள். வெளிநாட்டில் கார்டு பணம் போவது வேறு வழியில்

பாங்காக்கில் ஒரு துணிக்கடை. பில் 3,000 பாட். கார்டை நீட்டுகிறீர்கள். விற்பனைப் பெண் மெஷினை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டுகிறார். திரையில் இரண்டு பட்டன். ஒன்றில் பாட் தொகை, இன்னொன்றில் ரூபாய்த் தொகை. பின்னால் நாலு பேர் காத்திருக்கிறார்கள். ரூபாய்தானே நமக்குப் பழகின கணக்கு, விரல் தானாக அங்கே போகிறது.

அந்த இரண்டு நொடியில் உங்கள் பில் சில நூறு ரூபாய் ஏறியிருக்கலாம். ரசீதின் அடியில் பொடி எழுத்தில் அது அச்சாகியிருக்கும். லீவில் போன இடத்தில் அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்?

ஆனால் கிளம்புவதற்கு முன்னால் நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஓடுகிற கேள்வி இதுவாக இருக்காது. "கிரெடிட் கார்டு தேய்ச்சா 20% டிசிஎஸ் பிடிக்கிறாங்களாமே?" என்பதாகத்தான் இருக்கும். பதில் சுருக்கமானது: வெளிநாட்டில் இருக்கும்போது கிரெடிட் கார்டில் செலவழித்தால், இப்போதைக்கு இல்லை. அந்த 'இப்போதைக்கு'வில் ஒரு கதை இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிட்டு, உங்கள் பணம் உண்மையில் எங்கே போகிறது என்ற கணக்குக்கு வருவோம்.

20% பயம் எங்கிருந்து வந்தது?

எல்ஆர்எஸ் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. இந்தியாவில் வசிக்கிற ஒருவர் ஒரு நிதியாண்டில் எவ்வளவு பணத்தை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று ரிசர்வ் வங்கி வகுத்த திட்டம். 2004இல் 25,000 டாலரில் தொடங்கியது, இப்போது வரம்பு 2,50,000 டாலர். சுற்றுலா, படிப்பு, உறவினருக்கு அனுப்புவது, அமெரிக்கப் பங்கு வாங்குவது எல்லாம் இந்த ஒரே பைக்குள் வரும்.

இதன் மேல் 2020 அக்டோபர் 1 முதல் ஒரு வரிப் பிடித்தம் வந்தது. அதுதான் டிசிஎஸ் (ஐடி கம்பெனி இல்லை, பணம் வாங்கும் இடத்திலேயே பிடித்துக்கொள்ளும் வரி). அப்போது 7 லட்ச ரூபாய்க்கு மேல் போனால் 5%. 2023 பட்ஜெட்டில் இதை 20% ஆக்கினார்கள். 7 லட்ச விலக்கையும் எடுத்துவிடப் போவதாகச் சொன்னார்கள்.

அதோடு நின்றிருந்தால் கிரெடிட் கார்டுக்காரர்கள் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். ஏனென்றால் வெளிநாட்டில் இருக்கும்போது தேய்க்கும் கிரெடிட் கார்டு எல்ஆர்எஸ் கணக்கிலேயே வராது. அந்நியச் செலாவணி விதிகளில் 7ஆம் விதி அதற்குப் பாதுகாப்புக் கொடுத்தது. 2023 மே 16 அன்று அரசு அந்த விதியையே நீக்கிவிட்டது. டெபிட் கார்டு செலவு வரம்புக்குள் எண்ணப்படுகிறது, கிரெடிட் கார்டு மட்டும் வெளியே நிற்கிறது, அதனால் சிலர் வரம்பைத் தாண்டிச் செலவழிக்க முடிகிறது என்பது நிதியமைச்சகம் சொன்ன காரணம். காரணத்தில் நியாயம் இருந்தது. ஆனால் ஹோட்டல் பில்லுக்கு ஐந்தில் ஒரு பங்கு வரியா என்று சமூக ஊடகங்களில் எழுந்த சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

மூன்றே நாளில், மே 19 அன்று, 7 லட்சம் வரை கார்டு செலவுக்கு விலக்கு என்றார்கள். ஜூன் 28 அன்று இன்னும் பின்வாங்கினார்கள். வங்கிகளும் கார்டு நெட்வொர்க்குகளும் தொழில்நுட்ப ஏற்பாடு செய்யக் கால அவகாசம் வேண்டும் என்று சொல்லி, கிரெடிட் கார்டு மாற்றத்தையே ஒத்திவைத்தார்கள். எந்தத் தேதி வரை என்று சொல்லவில்லை. 20% விகிதம் மட்டும் அக்டோபர் 1 முதல் வந்தது, 7 லட்ச விலக்கும் எல்லாருக்கும் திரும்ப வந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அந்த விலக்கு 10 லட்சம்.

கவனிக்க வேண்டிய சொல் 'ஒத்திவைப்பு'. ரத்து இல்லை.

இதில் டேட்டா பார்க்கிறவர்களுக்கு ஒரு கடுப்பும் உண்டு. ரிசர்வ் வங்கிக் கணக்குப்படி எல்ஆர்எஸ் வழியாக 2023-24இல் வெளியே போனது சுமார் 31.7 பில்லியன் டாலர். அதில் பயணத்துக்கு மட்டும் சுமார் 17 பில்லியன், பாதிக்கும் மேல். அதற்கு முந்தைய ஆண்டு பயணக் கணக்கு 13.7 பில்லியன்தான். இந்த எண்களை வைத்து 'இந்தியர்கள் வெளிநாட்டில் இவ்வளவு செலவழிக்கிறார்கள்' என்று வரும் தலைப்புகளைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் வெளிநாட்டில் நின்று நாம் தேய்க்கிற கிரெடிட் கார்டு எல்ஆர்எஸ்ஸில் இல்லை என்பதால், அந்தச் செலவு இந்த 17 பில்லியனுக்கு வெளியே நிற்கிறது. அரசு இந்தக் கதவை மறுபடியும் தட்டும் என்று நான் நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரே பர்ஸ், மூன்று கார்டு, மூன்று கணக்கு

இப்போதைய நிலவரப்படி உங்கள் பர்ஸில் இருக்கிற மூன்று கார்டுகளையும் வரித்துறை மூன்று விதமாகப் பார்க்கிறது. ஃபோரெக்ஸ் கார்டில் பணம் ஏற்றும் நிமிடமே அது எல்ஆர்எஸ். டெபிட் கார்டை வெளிநாட்டில் தேய்த்தாலும் ஏடிஎம்மில் எடுத்தாலும் எல்ஆர்எஸ். கிரெடிட் கார்டு, நீங்கள் வெளிநாட்டில் இருக்கும்வரை, அந்தக் கணக்கில் இல்லை.

"நான் தாய்லாந்து போறேன், 10 லட்சமெல்லாம் எங்கே செலவழிக்கப் போறேன்?" நியாயமான கேள்வி. பெரும்பாலானவர்களுக்கு டிசிஎஸ் ஒரு ரூபாய்கூட வராது. சிக்கல் வருவது வேறு இடத்தில். அந்த 10 லட்சம் ஒரு பயணத்துக்கோ ஒரு வங்கிக்கோ இல்லை. உங்கள் பான் எண்ணுக்கு, ஒரு நிதியாண்டு முழுக்க, எல்லா வங்கியும் சேர்த்து.

உதாரணத்துக்கு, நீங்கள் ஆப் வழியாக அமெரிக்கப் பங்குகளில் இந்த வருஷம் 9 லட்சம் போட்டிருக்கிறீர்கள் என்று வெச்சுக்கோங்க. டிசம்பரில் ஐரோப்பா போக ஃபோரெக்ஸ் கார்டில் 3 லட்சம் ஏற்றுகிறீர்கள். மொத்தம் 12 லட்சம். விலக்கைத் தாண்டிய 2 லட்சத்துக்கு 20%, அதாவது 40,000 ரூபாய், அங்கேயே பிடிப்பார்கள். அதே 3 லட்சத்தை அங்கே போய் கிரெடிட் கார்டில் செலவழித்திருந்தால் பூஜ்யம். (டூர் பேக்கேஜ், படிப்பு, மருத்துவம் ஆகியவற்றுக்கு விதிகள் தனி. இங்கே அதற்குள் போகவில்லை.)

பிடித்த 40,000 தொலைந்துபோன பணம் இல்லை. வருமான வரிக் கணக்கில் உங்கள் பெயரில் வரவாக நிற்கும், தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், மிச்சமிருந்தால் ரீஃபண்ட் வரும். சம்பளக்காரர்களுக்கு 2024 அக்டோபர் முதல் இன்னொரு வழியும் திறந்திருக்கிறது: இந்தத் தொகையை உங்கள் நிறுவனத்திடம் தெரிவித்தால் மாதச் சம்பளத்தில் பிடிக்கும் வரியைக் குறைத்துக்கொள்வார்கள். அதற்கென உள்ள படிவத்தை ஹெச்ஆரிடம் கொடுக்க வேண்டும். பலருக்கு இது தெரிவதில்லை, மாதக்கணக்கில் அரசிடம் பணத்தை வட்டியில்லாமல் விட்டு வைக்கிறார்கள்.

திரும்பி வராத பணம்: 4.13%

டிசிஎஸ்ஸாவது திரும்ப வரும். மார்க்கப் வராது. ஆனால் மார்க்கப்புக்கு யாரும் ட்ரெண்டிங் போடுவதில்லை.

வெளிநாட்டில் நீங்கள் கார்டு தேய்த்ததும், விசாவோ மாஸ்டர்கார்டோ அன்றைய தங்கள் மாற்று விகிதத்தில் தொகையை மாற்றி உங்கள் வங்கிக்கு அனுப்பும். அதன் மேல் உங்கள் வங்கி ஒரு சதவீதம் ஏற்றும். இதுதான் ஃபோரெக்ஸ் மார்க்கப். சாதாரண கார்டுகளில் பொதுவாக 3.5%, கொஞ்சம் விலை உயர்ந்த கார்டுகளில் 2% அளவு. அந்த மார்க்கப்புக்கு 18% ஜிஎஸ்டி வேறு. 3.5%க்கு ஜிஎஸ்டி சேர்த்தால் 4.13%.

ஒரு பயணத்தில் கார்டில் 1.5 லட்சம் செலவு என்றால் 6,195 ரூபாய். 2% கார்டாக இருந்திருந்தால் 3,540. மார்க்கப்பே இல்லாத கார்டுகளும் சந்தையில் இருக்கின்றன. சிலவற்றுக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு, சிலவற்றுக்கு இல்லை. வருஷத்துக்கு ஒரு பயணம் போகிறவருக்கு அந்த ஆண்டுக் கட்டணமே மிச்சப்படுத்தியதைத் தின்றுவிடலாம். உங்கள் செலவை 4.13%ஆல் பெருக்கிப் பாருங்கள், கட்டணத்தைவிட அதிகமாக வந்தால் மட்டும் வாங்குங்கள். ரிவார்டு பாயின்ட் விளம்பரத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

அப்போ ஃபோரெக்ஸ் கார்டு? "ஜீரோ மார்க்கப்" என்று விற்பார்கள். உண்மைதான், பாட் ஏற்றி பாட்டில் செலவழித்தால் தனியாக மார்க்கப் வரி இருக்காது. ஆனால் ஏற்றும் அன்று அவர்கள் கொடுக்கிற விகிதத்திலேயே லாபம் ஒளிந்திருக்கும். கூகுளில் காட்டுகிற விகிதத்துக்கும் அவர்கள் சொல்வதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள், அதுதான் நிஜமான மார்க்கப். வாங்கும்போது ஜிஎஸ்டியும் உண்டு, ஒரு லட்சம் ரூபாய் வரை 0.18%, குறைந்தது 45 ரூபாய். இது சின்னத் தொகைதான். பெரிய அடி வேறு இடத்தில்: கார்டில் இல்லாத கரன்சியில் செலவழிப்பது. வியட்நாம் டாங், இலங்கை ரூபாய் போன்றவை பெரும்பாலான ஃபோரெக்ஸ் கார்டுகளில் கிடையாது. டாலர் ஏற்றிக்கொண்டு ஹனோயில் தேய்த்தால் 'க்ராஸ் கரன்சி' கட்டணம் வரும், அதுவும் பல கார்டுகளில் 3.5% பக்கம். அதாவது சாதாரண டெபிட் கார்டு கணக்குக்கே திரும்பி வந்துவிட்டோம்.

ஃபோரெக்ஸ் கார்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, விகிதம் ஏற்றிய அன்றே பூட்டப்படுகிறது. ரூபாய் சரிகிற மாதங்களில் அது நிம்மதி.

ரூபாய் பட்டனை அழுத்தாதீர்கள்

இப்போ அந்தத் துணிக்கடைக்குத் திரும்புவோம். திரையில் ரூபாய்த் தொகை காட்டினார்களே, அதற்கு டிசிசி என்று பெயர். மாற்று விகிதத்தை உங்கள் கார்டு நெட்வொர்க்குக்குப் பதிலாகக் கடைக்காரரின் பக்கத்து நிறுவனம் போடுகிறது. விகிதம் அவர்கள் இஷ்டம். லாபத்தில் கடைக்கும் பங்கு உண்டு, அதனால்தான் சில இடங்களில் உங்களைக் கேட்காமலே ரூபாயை அழுத்திவிடுகிறார்கள்.

10,000 ரூபாய் மதிப்புள்ள ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். டிசிசி விகிதம் 5% மோசம் என்று வைத்தால் 10,500 ஆகிறது. கதை அங்கே முடியவில்லை. வெளிநாட்டு வணிகரிடம் ரூபாயில் நடக்கும் பரிவர்த்தனைக்கென்றே பல இந்திய வங்கிகள் தனியாக 1% வசூலிக்கின்றன, அதற்கும் ஜிஎஸ்டி. ஆக சுமார் 10,624. அதே பொருளை உள்ளூர் கரன்சியில் தேய்த்திருந்தால் 3.5% மார்க்கப் கார்டில் 10,413, மார்க்கப் இல்லாத கார்டில் 10,000. மோசமான கார்டு வைத்திருப்பவருக்கே ரூபாய் பட்டன் நஷ்டம். நல்ல கார்டைத் தேடி வாங்கியவருக்கு வாங்கியதே வீண்.

நானும் இதில் சிக்கியிருக்கிறேன். மார்க்கப் விகிதங்களை எக்செல்லில் ஒப்பிட்டுப் பார்த்து கார்டு எடுத்தவள், ஒரு விமான நிலையக் கடையில் வாட்டர் பாட்டிலும் சாக்லேட்டும் வாங்கும்போது திரையைப் பார்க்கவே இல்லை. ஸ்டேட்மென்ட்டில் அந்த வரி மட்டும் ரூபாயில் நின்றது, கீழே ஒரு குட்டிக் கட்டணத்தோடு.

செய்ய வேண்டியது எளிது. "லோக்கல் கரன்சி" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், கார்டைத் தருவதற்கு முன்னாலேயே. தப்பாக அழுத்திவிட்டால் ரசீதில் கையெழுத்துப் போடாமல், ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள். வீட்டில் இருந்தபடி செய்யும் புக்கிங்கிலும் இது உண்டு. ஹோட்டல், விமானத் தளங்கள் விலையை ரூபாயில் காட்டினாலும் நிறுவனம் வெளிநாட்டில் பதிவானதாக இருந்தால் அந்த 1% வரலாம்.

ஏடிஎம்மில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால்

தெருக்கடை, டுக்டுக், சின்ன உணவகம், இதற்கெல்லாம் ரொக்கம் வேண்டும். தாய்லாந்து ஏடிஎம்கள் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கு மேல் வாங்குகின்றன. நீங்கள் 2,000 பாட் எடுத்தால் 11% அங்கேயே போய்விட்டது. 20,000 எடுத்தால் அதே கட்டணம் 1.1%. இது அந்த ஊர் வங்கிக்கு. இதற்கு மேல் உங்கள் வங்கி ஒரு தடவைக்கு 100 முதல் 150 ரூபாய் வரை, அதோடு மார்க்கப், அதற்கு ஜிஎஸ்டி. எடுப்பதானால் குறைந்த தடவை, பெரிய தொகை.

ஏடிஎம் திரையிலும் "மாற்று விகிதத்தை ஏற்கிறீர்களா?" என்று கேட்கும். மறுத்தால் பணம் வராதோ என்று பயந்து பலர் ஏற்றுக்கொள்கிறார்கள். மறுங்கள். பணம் வரும், மாற்றும் வேலையை உங்கள் வங்கி செய்யும்.

கிரெடிட் கார்டில் மட்டும் ரொக்கம் எடுக்காதீர்கள். கட்டணம் தனி, மார்க்கப் தனி, வட்டி எடுத்த நாளிலிருந்தே ஓடும்.

டெபிட் கார்டை ரிசப்ஷனில் கொடுக்கலாமா?

ஹோட்டலில் செக்-இன் செய்யும்போது டெபாசிட்டுக்கு கார்டு கேட்பார்கள், வாடகைக் கார் எடுத்தாலும் அப்படித்தான். ஒரு தொகையை முடக்கி வைப்பார்கள். கிரெடிட் கார்டில் அது உங்கள் லிமிட்டை மட்டும் குறைக்கும். டெபிட் கார்டில் முடங்குவது உங்கள் சம்பளப் பணம். செக்-அவுட் ஆனபிறகும் விடுபடச் சில நாள் ஆகும், அதற்குள் வீட்டு இஎம்ஐ தேதி வந்தால் என்னாகும் என்று யோசியுங்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே டெபிட் கார்டை ஏடிஎம்முக்கு மட்டும் ஒதுக்கி வைப்பது நல்லது.

அமெரிக்கா போகிறவர்களுக்கு இரண்டு கூடுதல் குழப்பம். பெட்ரோல் பங்க் மெஷின் ஐந்து இலக்க ஜிப் கோடு கேட்கும், நம் ஆறு இலக்கப் பின்கோடு அதில் செல்லாது. உள்ளே போய் கேஷியரிடம் கட்டுங்கள். உணவகத்தில் கார்டைத் தேய்த்தபிறகுதான் டிப் எழுதுவீர்கள், அதனால் எஸ்எம்எஸ்ஸில் வந்த தொகையும் ஸ்டேட்மென்ட் தொகையும் பொருந்தாது. அது மோசடி இல்லை.

நிஜ மோசடி நடந்தால்

நம் ஊரில் ஓடிபி இல்லாமல் ஆன்லைனில் கார்டு நகராது என்று பழகிவிட்டோம். வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் கார்டு எண், காலாவதித் தேதி, பின்பக்க மூன்று எண் இருந்தாலே போதும். அதனால்தான் ரிசர்வ் வங்கி 2020இல் ஒரு விதி கொண்டுவந்தது: புதிதாகத் தரும் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்தே இருக்க வேண்டும், வாடிக்கையாளர் தானாக ஆன் செய்ய வேண்டும். விமான நிலையத்தில் 'டிக்ளைன்' ஆகி முழிப்பவர்களில் நிறையப் பேர் மறந்தது இந்த ஸ்விட்சைத்தான். ஆப்பில் கடை, ஏடிஎம், ஆன்லைன் என்று தனித்தனியாக இருக்கும். தேவையானதை மட்டும், தேவையான லிமிட்டோடு திறங்கள். திரும்பி வந்த அன்றே மூடுங்கள்.

உங்கள் தவறும் இல்லாமல் வங்கியின் தவறும் இல்லாமல் கார்டு விவரம் திருடுபோய்ப் பணம் போனால், 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட விதி உதவும். வங்கியின் தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் புகார் கொடுத்தால் உங்களுக்குப் பொறுப்பு பூஜ்யம். நான்கு முதல் ஏழு நாளுக்குள் என்றால் ஒரு தொகை வரை நீங்கள் ஏற்க வேண்டும்: சாதாரண சேமிப்புக் கணக்குக்கும் 5 லட்சம் வரை லிமிட் உள்ள கிரெடிட் கார்டுக்கும் அதிகபட்சம் 10,000 ரூபாய். ஏழு நாளும் தாண்டினால் வங்கியின் கொள்கைப்படி. புகார் வந்த பத்து வேலை நாளுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. பின் நம்பரையோ ஓடிபியையோ நீங்களே சொல்லியிருந்தால், புகார் செய்யும்வரையான நஷ்டம் உங்களுடையது.

மூன்று நாள் என்பது, தகவல் உங்கள் கையில் வந்தால்தான் பயன்படும். இந்திய சிம்மைக் கழற்றி டிராயரில் வைத்துவிட்டு உள்ளூர் இ-சிம்மோடு சுற்றினால் எஸ்எம்எஸ் எங்கே வரும்? இந்திய எண்ணில் ரோமிங்கை ஆன் செய்து வையுங்கள், மின்னஞ்சல் அறிவிப்பையும் போட்டு வையுங்கள். 1800இல் தொடங்கும் இலவச எண்கள் வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் போகாது. +91இல் தொடங்கும் எண்ணை வங்கித் தளத்திலிருந்து எடுத்து, கார்டு இல்லாத வேறு இடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

கார்டே வேண்டாம், யுபிஐ இருக்கே என்கிறீர்களா? பூடான், நேபாளம், சிங்கப்பூர், அமீரகம், பிரான்ஸ், மொரிஷியஸ், இலங்கை என்று பட்டியல் நீள்கிறது. இலங்கையில் 2024 பிப்ரவரி 12 அன்று தொடங்கியது. ஆனால் நாடு பட்டியலில் இருப்பதும் நீங்கள் நிற்கிற கடையில் அந்த கியூஆர் இருப்பதும் வேறு வேறு. ஆப்பில் 'இன்டர்நேஷனல்' வசதியைத் தனியாக இயக்க வேண்டும், பணம் கட்டுவதற்கு முன் காட்டும் விகிதத்தையும் பார்க்க வேண்டும். கூட ஒரு கார்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பியதும் ஒரு பத்து நிமிட வேலை. விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் தளத்திலும் மாற்று விகிதக் கால்குலேட்டர் இருக்கிறது. வங்கிக் கட்டணம் என்ற கட்டத்தில் 0 போட்டு, பரிவர்த்தனை பதிவான தேதியையும் உள்ளூர்த் தொகையையும் கொடுங்கள். வருகிற எண்ணை உங்கள் ஸ்டேட்மென்ட் தொகையோடு ஒப்பிடுங்கள். மார்க்கப் தனி வரியாக இருந்தால் அதையும் ஜிஎஸ்டியையும் கூட்டிக்கொள்ளுங்கள். வித்தியாசம் எத்தனை சதவீதம் என்று பார்த்தால், அடுத்த பயணத்துக்கு எந்தக் கார்டை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.